காணிப் பத்திரத்தில் எவர் பெயர்? கிழக்கின் பெண்களும் சுதந்திர இலங்கையின் பொருளாதாரத் திட்டமிடலும்

1959 ஆம் ஆண்டு பத்தாண்டுத் திட்டத்தை வெளியிட்ட இலங்கை அரசு, தான் அழைத்து ஆலோசனை கேட்ட வெளிநாட்டுப் பொருளியலாளர்களின் அறிக்கைகளையும் அதே ஆண்டில் ஒரு தொகுப்பாக வெளியிட்டது. குன்னார் மிர்தால், நிக்கொலஸ் கால்டோர், ஒஸ்கார் லாங்கே போன்றோர் எழுதிய அத்தொகுப்பில் இரண்டு பெண்களும் எழுதியிருந்தனர். ஒருவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜோன் ரொபின்சன்; மற்றவர் பொது நிதியியல் அறிஞர் உர்சுலா ஹிக்ஸ். மரத்தை நடுவதற்கு முன்பே இலங்கை அதன் பழத்தைச் சுவைத்துவிட்டது என்று ரொபின்சன் எழுதிய கருத்து இன்றும் நமது பொருளாதார வரலாற்று நூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், பங்கீட்டு அரிசி ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செலவிட்ட நாடு, உற்பத்தியைப் பெருக்கும் முதலீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பது அவருடைய கவலை.

அந்தக் கவலைக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால் அவர் பழம் என்று குறித்தது தானாகக் கனிந்து விழுந்த ஒன்றன்று. 1940களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேலாக இருந்த பிரசவ மரணம், இந்த நூற்றாண்டு தொடங்கும் முன்பே நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. கிராமம் கிராமமாக நடந்து கர்ப்பிணிகளைப் பதிந்த மருத்துவிச்சிகளும், ஆரம்ப வகுப்புகளைத் தாங்கி நின்ற ஆசிரியைகளும், பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளைத் தவறவிடாத தாய்மாரும் இல்லாமல் அது நடந்திராது. திட்ட ஆவணங்களில் அது சமூகச் செலவு என்ற தலைப்பின் கீழ் வந்தது. உழைத்தவர்களின் கணக்கு எந்தத் தலைப்பின் கீழும் வரவில்லை.

பெண்களின் பங்களிப்பு என்றதும் முதற் பெண் பிரதமர், முதற் பெண் அமைச்சர் என்று பட்டியலிடுவது நமது வழக்கம். அந்தப் பட்டியல் உண்மையானதுதான். ஆனால் மட்டக்களப்பையும் அம்பாறையையும் வைத்துப் பார்க்கும்போது அது விடயத்தின் ஒரு மூலையை மாத்திரமே காட்டுகிறது. கிழக்குக் கரையின் பெண்கள் சொத்துடையவர்களாகவே சுதந்திரத்துக்குள் நுழைந்தார்கள். அதன் பின்னர் வந்த அபிவிருத்தித் திட்டங்கள் பல அவர்களுடைய உழைப்பைப் பெற்றுக்கொண்டன. காணிப் பத்திரத்தில் மட்டும் ஆணின் பெயரை எழுதின. தேச நிர்மாணத்தில் பெண்களின் இடத்தை அளப்பதற்கு இந்தப் பிரதேசத்தில் காணிப் பத்திரத்தைவிடச் சரியான அளவுகோல் இல்லை என்பது என் துணிபு.

வாக்குரிமையின் வரலாறு ஓரளவு பலரும் அறிந்ததே. 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டு, அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் அதன் உறுப்பினர்கள் சாட்சியமளித்தனர். 1931 இல் 21 வயதைக் கடந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானார். பொருளாதாரத்தின் பக்கத்தில் அதைவிட நீண்ட வேர் கொண்டது, கனடாவில் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இலங்கையையே தம் நாடாக்கிக்கொண்ட மருத்துவர் மேரி இரத்தினம் 1930 இல் தொடங்கிய லங்கா மகிலா சமித்தி. கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடிச் சுகாதாரம், போசாக்கு, வீட்டுத்தோட்டம், கைப்பணி என்பவற்றைத் தாங்களே திட்டமிட்டு நடத்தலாம் என்ற எண்ணம் அரச திட்டமிடல் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே செயல்வடிவம் பெற்றிருந்தது. இன்று நமது கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் இயங்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் அதே எண்ணத்தின் வழியில் வந்தவையே.

கிழக்கின் சொத்து முறைக்கு வருவோம். மட்டக்களப்புத் தமிழகம் என வழங்கும் இந்தக் கிழக்குக் கரையில் ஒருவரின் குடி, அதாவது வம்சக்குழு, தாயின் குடி. கோயில்களில் வண்ணக்கர் எனப்படும் அறங்காவலர் பொறுப்பும் திருவிழா முறைகளும் குடிவழியே வகுக்கப்பட்டிருப்பதுபோல, அக்கரைப்பற்று போன்ற ஊர்களின் முஸ்லிம்களிடையே பள்ளிவாசலில் மரைக்காயர் எனப்படும் நிர்வாகிப் பொறுப்பும் குடிவழியே வந்தது. மதம் வேறானாலும், திருமணத்தின்போது வீடும் வளவும், வசதியுள்ளவர்களிடத்தில் வயலும், மகளின் பெயருக்கு எழுதப்படும் வழக்கம் இரு சமூகத்துக்கும் பொதுவானது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அடுத்த மகளுக்குக் கல்யாணம் பேசும் வயது வந்ததும் பெற்றோர் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொரு வீட்டைக் கட்டி ஒதுங்குவார்கள். நான்கு பெண்பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் தகப்பனும் ஆண்மக்களும் நான்கு வீடு கட்டும்வரை ஓய்வதில்லை. தங்கைக்கு வீடு முடியும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அண்ணன்மார் இல்லாத தெரு இங்கே இல்லை.

இதனைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. வீடு பெண்ணின் பெயரில் இருந்தாலும் வயல் வரவு செலவைக் கணவரோ தமையனோதான் பார்ப்பார். சீதன வீடு கட்ட முடியாத பெற்றோர் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். காணியே இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு இந்த முறை எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. முக்குவச் சட்டம் எனப்பட்ட தாய்வழி வாரிசு முறையும் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு சட்ட வலுவை இழந்து, சீதனச் சொத்துக்கு உறுதிப் பத்திரம் எழுதும் வழக்கமாகவே தொடர்ந்தது. எனினும் ஒன்று உறுதியாக எஞ்சியது. கணவன் இறந்தாலும், விட்டுப் போனாலும், பெண்ணை அவளுடைய வீட்டிலிருந்து எவரும் வெளியேற்ற முடியாது. சுற்றியிருக்கும் வீடுகள் சகோதரிகளுடையவை, தாயினுடையவை, பெரியம்மாவுடையவை. ஒரு பெண் கூலி வேலைக்கோ வயலுக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது பிள்ளையை விட்டுச்செல்ல இடம் இருந்தது. பிற்காலத்தில் இந்தப் பிரதேசம் போரையும் சுனாமிப் பேரலையையும் தாங்கிக்கொண்டதில் இந்த அமைப்புக்கும் பங்குண்டு.

சுதந்திர இலங்கையின் முதற் பெருந்திட்டம் இங்கேதான் நிறைவேற்றப்பட்டது. தமிழ் மக்கள் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்தைக் கட்டுவதற்காக 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் திட்டம் என்று அது பெருமையோடு பேசப்பட்டது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அதே திட்டம் வேறொரு நினைவையும் விட்டுச்சென்றது. அரச குடியேற்றத்தால் பிரதேசத்தின் இனப்பரம்பல் மாறியது. 1956 ஆம் ஆண்டு வன்முறை கல்லோயாப் பள்ளத்தாக்கில் உயிர்களைப் பறித்தது. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. இந்த அரசியல் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அக்குடியேற்றங்களின் காணிச் சட்டம் பெண்களுக்கு என்ன செய்தது என்பது பற்றி எழுதப்பட்டது குறைவு.

அந்தச் சட்டம் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அரச காணியை அனுமதிப்பத்திரத்தின் பேரில் விவசாயிக்கு வழங்கி, அவர் அதைத் திருத்திப் பயிரிட்டபின் அளிப்பாக, அதாவது உரிமைப் பத்திரமாக, மாற்றிக் கொடுப்பது அதன் நடைமுறை. காணி துண்டுபட்டுப் பயிரிட உதவாத அளவுக்குச் சிறுத்துவிடக் கூடாது என்பதற்காக வாரிசு ஒருவரையே நியமிக்கவேண்டும் என்று சட்டம் விதித்தது. நியமனம் இல்லாமல் உரிமையாளர் இறந்தால் யாருக்குக் காணி சேரும் என்பதை அதன் மூன்றாம் அட்டவணை வரிசைப்படுத்தியது: மகன்மார், பிறகு மகள்மார், பேரன்மார், பிறகு பேத்திமார், தந்தை, பிறகு தாய், சகோதரர், பிறகு சகோதரி. ஒவ்வொரு படியிலும் ஆண் முன், பெண் பின். உயிரோடிருக்கும் மனைவி காணியை அனுபவிக்கலாம். ஆனால் மறுமணம் செய்துகொண்டால் அந்த உரிமையும் போய்விடும்.

காலனித்துவ ஆட்சியின் கீழ் எழுதப்பட்ட இந்த அட்டவணையைச் சுதந்திர அரசு மாற்றமின்றி ஏற்றுக்கொண்டது. அதன் விளைவு கிழக்கில் மற்றெந்தப் பிரதேசத்தையும்விடக் கூர்மையாக இருந்தது என்று நான் கருதுகிறேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையின் பழைய ஊரொன்றில் தாயின் உறுதிக் காணியில் பிறந்த பெண், கணவனோடு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் குடியேற்றத் திட்டமொன்றுக்குப் போகிறாள். காடு வெட்டியதிலும் யானைக்குக் காவலிருந்ததிலும் வரம்பு கட்டியதிலும் அவளுக்குப் பாதிப் பங்கு உண்டு. பெர்மிட் கணவன் பெயரில். மூன்று மகள்மாரும் ஒரு மகனும் இருக்க, வாரிசு நியமிக்காமல் கணவன் இறந்தால், வழக்கப்படி மகள்மாருக்குச் சேரவேண்டிய வளவு அவளுக்குப் பின் சட்டப்படி மகனுக்குப் போகிறது. அதே குடும்பத்தின் பழைய ஊரில் ஒரு முறை, புதிய ஊரில் நேரெதிரான முறை. தமையன் நல்லவராக இருந்தால் தங்கைமார் இருக்கலாம். அதற்குமுன் அவர்கள் எவருடைய நல்ல மனதையும் நம்பி இருக்கவேண்டியிருக்கவில்லை.

நெல் உற்பத்தியில் தன்னிறைவு என்பது 1950களிலிருந்து எல்லா அரசுகளும் ஏற்றுக்கொண்ட இலக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த இலக்கின் தூண்கள். வேளாண்மை என்ற சொல்லே இங்கே நெற்செய்கையைத்தான் குறிக்கும். வீசி விதைக்கும் வயல்களில் களை பிடுங்குவது பெரும்பாலும் பெண்களின் வேலை. காலை பனியோடு இறங்கி, முழங்காலளவு ஈரத்தில் குனிந்தபடி, கோரையையும் நெற்சப்பியையும் நெற்பயிரிலிருந்து பிரித்தெடுக்கும் கண்ணும் கையும் அனுபவத்தால் வருவன. இளம் பயிராக நிற்கும்போது சப்பிக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் காண்பது புதியவர்களால் ஆகாது. வேளாண்மை வெட்டும் சூடடிப்பும் ஆட்களால் நடந்த காலத்தில் கட்டுச் சுமப்பதிலும் தூற்றுவதிலும் பெண்கள் இருந்தார்கள். வெட்டு முடிந்த வயலில் கதிர் பொறுக்கிச் சேர்த்த நெல், காணியில்லாத குடும்பத்துக்குச் சில மாதச் சோறு. அறுவடை இயந்திரம் வந்தபோது வயற்காரரின் செலவு குறைந்தது. அந்தச் சில மாதச் சோறு எந்தக் கணக்கிலும் இல்லாமல் மறைந்தது. இன்றும் பல இடங்களில் ஒரே நாளில் ஒரே வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த ஒரு கூலி.

வீட்டுக்கு வந்த நெல்லை அவித்துக் காயவைத்து அரிசியாக்குவது, விதைநெல்லை எடுத்துவைப்பது, வயற்காரருக்கும் வேலையாட்களுக்கும் சமைத்து வயல் குடிசையான வாடிக்கு அனுப்புவது ஆகியவை வேலையாகவே கணிக்கப்படவில்லை. நாட்டின் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருப்பதாக அரச புள்ளிவிவரங்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றன. சம்பளமற்ற வேலைக்கு எவர் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று அறியும் தேசிய அளவிலான நேரப் பயன்பாட்டு ஆய்வைத் தொகைமதிப்புப் புள்ளிவிவரத் திணைக்களம் 2017 இல்தான் நடத்தியது. இந்தியாவில் சுதந்திரத்துக்கு முன்பே, 1938 இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவின் கீழ், திட்டமிட்ட பொருளாதாரத்தில் பெண்ணின் பங்கை ஆராய 1939 இல் ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. ராணி லட்சுமிபாய் ராஜ்வாடே தலைமை தாங்கிய அந்த உபகுழு, பெண்ணின் சம்பளமற்ற வீட்டுவேலைக்குப் பொருளாதாரப் பெறுமதி உண்டு என்றும் குடும்ப வருமானத்தின் ஒரு பகுதி அவளுடைய முழு அதிகாரத்தில் இருக்கவேண்டும் என்றும் எழுதியது. அந்தப் பரிந்துரைகளை இந்தியா பின்னர் எவ்வளவு மதித்தது என்பது வேறு கேள்வி. ஆனால் திட்டமிடலின் தொடக்கத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பெண்கள் அமர்ந்த ஒரு குழு இருந்தது.

இலங்கையில் திட்டமிடலின் உச்சியில் ஒரு பெண் இருந்த காலம் பின்னர் வந்தது. 1960 யூலையில் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க, 1970 முதல் 1977 வரையான தமது ஆட்சியில் திட்டமிடல் துறையையும் தம் பொறுப்பில் வைத்திருந்தார். 1972 முதல் 1976 வரையான ஐந்தாண்டுத் திட்டமும், காணிச் சீர்திருத்தமும், இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்தக் காலத்தவை. பாணுக்கும் சீனிக்கும் விடியற்காலையில் வரிசையில் நின்ற பெண்களின் களைப்பு அந்த ஆட்சிக்கு எதிரான பெருங்கோபமாக மாறியது உண்மை. அதே கட்டுப்பாடுகள் உள்ளூர் நெசவுக்கு உயிர் கொடுத்ததும் உண்மை. மருதமுனையில் குழித்தறியின் சத்தம் கேட்காத ஒழுங்கை இல்லாதிருந்த காலம் அது. நூலைச் சாயத்தில் தோய்த்துக் கொடியில் உலர்த்துவதும், உலர்ந்த நூலை ராட்டினத்தில் சுற்றுவதும், பாவு ஒழுங்கு செய்வதும், தறியில் உட்கார்ந்து நெய்வதும் பெண்கள் கைபட்ட வேலைகள். அரசாங்க நெசவு நிலையங்களில் வேலைசெய்தோரில் பெரும்பாலானோர் பெண்கள். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் மலிவான வெளிநாட்டுத் துணி சந்தையை நிறைத்தது; நாடெங்கும் கைத்தறிப் பெண்கள் வேலை இழந்தனர். அடுத்த ஆண்டு கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டதையும் அங்கே பல்லாயிரம் இளம் பெண்கள் வேலைக்குச் சேர்ந்ததையும் நமது பொருளாதார வரலாறு விரிவாகச் சொல்கிறது. நின்றுபோன தறிகளைப் பற்றி அது மிகச் சுருக்கமாகவே பேசுகிறது.

நாட்டின் பிரதமர் பதவியும் திட்டமிடல் துறையும் ஒரு பெண்ணின் கையிலிருந்த அந்த ஏழாண்டுகளிலும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் மகனுக்குப் பின்னரே மகள் என்ற வரிசை இருந்தபடியே இருந்தது. அதற்காக ஒரு தனிமனிதரைக் குற்றஞ்சாட்டுவது போதாது. கிராமத்துப் பெண்ணின் காணிப் பிரச்சினையை மேலே கொண்டுசெல்லும் வழி எதுவும் அன்று இருக்கவில்லை. மகளிர் பணியகம் 1978 இல்தான் உருவானது. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது 1981 இல்.

எழுபதுகளின் இறுதியிலிருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்றவர்கள் இந்த நாட்டின் வெளிநாட்டுச் செலாவணியைத் தாங்கினார்கள். 1990களில் வேலைக்காக வெளிநாடு சென்றோரில் பெரும்பான்மையினர் பெண்கள். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் ஊர்களிலிருந்தும் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் குவைத்துக்கும் சவூதிக்கும் போன தாய்மாரின் சம்பளம் எங்கே போனது என்று பார்க்க ஆய்வு தேவையில்லை. மகளின் வளவில் எழுந்து நிற்கும் சுவரைப் பார்த்தால் போதும். முதல் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அத்திவாரமும் சுவரும், அடுத்த ஒப்பந்தத்தில் கூரை, அதற்கடுத்ததில் பூச்சும் கதவும் என்று, தகப்பனும் அண்ணனும் செய்துவந்த சீதன வீட்டுப் பொறுப்பைத் தாய் தனியாகவே முடித்திருக்கிறாள். இதைவிடக் கட்டுப்பாடான திட்டமிடலை நான் அறியேன். அவளிடம் அரசு கேட்டதோ குடும்பப் பின்னணி அறிக்கை. 2013 இல் கொண்டுவரப்பட்ட அந்த விதியின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாதிருந்தது. தகப்பனுக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. 2020 இல் 700 கோடி டொலரைத் தாண்டிய வெளிநாட்டுத் தொழிலாளர் பணம் 2022 இல் 400 கோடிக்கும் கீழே இறங்கியது; எரிபொருள் வாங்கவும் நாடு தடுமாறிய அந்த நெருக்கடியின்போதே அந்த விதி தளர்த்தப்பட்டது.

போர்க்காலம் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும். ஆண்கள் கொல்லப்பட்டும் காணாமலாக்கப்பட்டும் தடுப்பிலும் இருந்த ஆண்டுகளில், சோதனைச் சாவடி தாண்டிச் சந்தைக்கும் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் போனவர்கள் பெண்கள். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமும், அக்கரைப்பற்றில் பாதிக்கப்பட்ட பெண்கள் அரங்கமும் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசின. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு போன்றோர் பெண்ணியச் சிந்தனையை வகுப்பறையிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுவந்தனர். ஊர்கள் ஒன்றையொன்று அஞ்சிய காலத்தில் அது எளிதான வேலையாக இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு நடந்ததே இந்த விடயத்தின் மிகத் தெளிவான பாடம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், மட்டக்களப்பின் நாவலடி, கல்லடி என்று கரை முழுவதும் அழிந்தது. இழந்த வீடுகளில் பெருந்தொகையானவை பெண்களின் பெயரில் இருந்த சீதன வீடுகள். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக்கட்டக் கூடாது என்று முதலில் அறிவிக்கப்பட்டதால், அந்த வளவுகளுக்குப் பதிலாகத் திராய்மடு போன்ற உட்பகுதிகளில் அரச காணியில் வீடுகள் வழங்கப்பட்டன. பதிவுப் படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஓர் இடம் இருந்தது. அதில் ஒரு பெயரே எழுதலாம். கணவன் உயிரோடிருந்தால் பெரும்பாலும் அவர் பெயரே எழுதப்பட்டது. உயிர் தப்பிய பெண், அலையில் வீட்டை இழந்ததோடு, தாய் வழியாகத் தனக்கு வந்த உரிமையையும் ஒரு படிவத்தில் இழந்தாள். மனைவி இறந்து கணவன் தப்பிய குடும்பங்களில் இது இன்னும் பாரதூரமானது. மனைவியின் வளவுக்கு ஈடாகக் கிடைத்த வீடு கணவனுடையதாகி, அவர் மறுமணம் செய்துகொண்டபோது முதல் மனைவியின் பெண்பிள்ளைகளுக்கு எதுவும் இல்லாமற்போகும் நிலை உருவானது.

அப்போது நாட்டின் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க. வீடமைப்பு அமைச்சர் அம்பாறை மாவட்டத்திலிருந்தே தெரிவான பேரியல் அஷ்ரப். அதிகாரத்தின் இரு பெரும் இடங்களில் பெண்கள் இருந்தும் படிவம் பழையபடியே அச்சாகி வந்தது. ஏனென்றால் அரச காணிச் சட்டமும் நிர்வாகப் பழக்கமும் ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைவர் என்ற எண்ணத்திலேயே ஊறியிருந்தன. கிழக்கின் பெண்கள் அமைப்புகள், இருந்த உரிமையை இருந்தவருக்கே கொடுங்கள், இல்லாவிட்டால் இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று கேட்டன. சில இடங்களில் அது நடந்தது. பல இடங்களில், கூட்டு உரிமைக்குச் சட்டத்தில் இடமில்லை என்ற பதிலே கிடைத்தது. சட்டம் அறியாத ஊர்ப் பெண்கள் என்று கருதப்பட்டவர்கள், தங்கள் பாட்டி காலத்து உறுதியைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு நடந்தார்கள்.

காணிப் பத்திரம் இல்லாதவருக்கு வங்கி கடன் கொடுப்பதில்லை. இந்த எளிய தொடர்பைப் புரிந்துகொண்டால், போருக்குப் பின் நுண்கடன் கம்பனிகள் ஏன் பெண்களையே தேடி வந்தன என்பதும் விளங்கும். ஈடு தேவையில்லை, ஐந்து பெண்கள் குழுவாக ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். கிழமைக் காசு கட்ட முடியாமல் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்துச் சிக்கிக்கொண்ட பெண்களின் துயரம் பெரும் பிரச்சினையாகி, 2018 இல் அரசு வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. ஆனால் அதே பெண்கள் பல தலைமுறையாகச் சீட்டு நடத்தியவர்கள். இருபது பேர் கிழமைக்கு ஆயிரம் ரூபா போட்டால், ஒவ்வொரு கிழமையும் ஒருவருக்கு இருபதாயிரம். கல்யாண வீடு உள்ளவள் முன்னதாகக் கேட்டால் மற்றவள் விட்டுக்கொடுப்பாள். சீட்டுக்காரி ஒரு கொப்பியில் பெயரும் புள்ளடியும் மட்டும் வைத்திருப்பாள். கணக்கு முழுவதும் மனதில் இருக்கும். வட்டி இல்லை, வீடு தேடி வந்து மிரட்டும் ஆள் இல்லை. கடன் முறைமையை வகுத்தவர்கள் ஊரில் ஏற்கனவே இயங்கிய இந்த ஒழுங்கைக் கேட்டறிந்து தொடங்கியிருந்தால் எவ்வளவோ துயரம் தவிர்ந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாற்றம் வராமலில்லை. உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இரண்டு பேரளவில் இருந்த பெண் உறுப்பினர் விகிதம், 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் 25 வீத ஒதுக்கீட்டினால் 2018 தேர்தலின் பின் நூற்றுக்கு இருபதைத் தாண்டியது. மட்டக்களப்பு மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான அரசாங்க அதிபரின் பொறுப்பைப் பி.எஸ்.எம். சார்ள்ஸ், கலாமதி பத்மராஜா, ஜஸ்டினா முரளிதரன் ஆகிய பெண்கள் வகித்திருக்கின்றனர். நெல் விளையும் மாவட்டமொன்றின் பொருளாதாரத் திட்டமிடல் நேரடியாக நடக்கும் இடம் போகத்துக்கு முன் கூடும் ஆரம்பக் கூட்டம். குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று அங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. தலைமை ஆசனத்தில் பெண் அமர்ந்த ஆண்டுகளிலும் மண்டபத்தில் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புகளின் சார்பில் வந்திருந்தோர் பெரும்பாலும் ஆண்களே. சீதனமாக வயல் பெற்ற பெண்ணின் சார்பில் கணவர் வருகிறார். பெர்மிட் வயலில் பாடுபட்டவளுக்கு அந்தக் கூட்டத்தில் பெயரே இல்லை.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையில் இருந்த ஆண் முன்னுரிமை, சட்டம் வந்து 87 ஆண்டுகளுக்குப் பின், 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. பெண்கள் அமைப்புகள் பல தசாப்தங்களாகக் கேட்டுவந்த திருத்தம் அது. எனினும் அதற்கு முன்னரே மகனுக்கு மாறிவிட்ட காணிகள் இருக்கின்றன. பாட்டனார் பெயரிலேயே கிடக்கும் பழைய பெர்மிட்டுகள் இருக்கின்றன. வாரிசு நியமனப் பதிவில் வழக்கம்போல மூத்த மகனின் பெயரையே எழுதிக்கொடுக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. பிரதேச செயலகங்களின் காணிக் கிளைகள் நடமாடும் சேவைகளில் பெர்மிட் புதுப்பிக்கும்போது, கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துப் புதிய சட்டத்தை விளக்கி, இருவருடைய விருப்பத்தையும் தனித்தனியே கேட்டுப் பதிவுசெய்யலாம். கமநல சேவை நிலையங்களின் பதிவேட்டில் வயலின் சொந்தக்காரியை அவளுடைய பெயரிலேயே கமக்காரராகப் பதிந்து, ஆரம்பக் கூட்டத்துக்கான அறிவித்தலை அவளுக்கே அனுப்பலாம். இவற்றுக்கு வெளிநாட்டு உதவியோ புதிய அமைச்சோ தேவைப்படாது. வரும் பெரும்போகத்துக்கு முன்பே தொடங்கக்கூடிய வேலைகள் இவை.